இரும்புலியூர் முதலாளியின் ராஜினாமா

இரும்புலியூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய சுந்தர்சிங் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் கெசியா பணிவுடன் எழுதுவது. திருச்சியில் நீங்களும் கிறிஸ்டினா அத்தையும் பூரண சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இங்கே தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். அத்தையின் முட்டிவலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அம்மாவும் சுகம்தான், ஆனால் இனிமேல் உங்களோடு பேசுவதில்லை என்று சொல்லிவிட்டாள். நேற்று நீங்கள் போன் செய்தபோது எடுத்தவுடன் வைத்தது அதனால்தான். டவர் இல்லை என்று அப்பா அப்புறம் சொன்னது பொய். அப்பாவை மன்னித்துவிடுங்கள்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேச எனக்கு வராது, அது உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் எங்கள் கடை நம்பரும் என் நம்பரும் ஒன்றுதான், அதைத் திறந்து பார்க்கும் உரிமை சுப்ரஜா மேடத்திடம் இருக்கிறது. மெயிலும் அவரிடம்தான். சுப்ரஜா மேடம் யார் என்று கேட்பீர்கள். என்னிடம் வேலை பார்ப்பவர்.

மாமா, எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். புது வருஷத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது எங்கள் கடை போன் அடித்தது. குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கு அம்மா தைக்கும் வெள்ளை கவுன்களை நான் நெட்டில் போட்டு விற்கிறேன் அல்லவா, அதற்கு யாரோ விலை கேட்டு அடித்தார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அடித்து ஓய்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, நம்ம குடும்பத்துல டிகிரி முடிச்ச மொத ஆளு நீ. முதலாளி போன் எடுக்கக் கூடாது, ஆள் வெச்சு எடுக்கணும்" என்றீர்கள். வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று ஒருவர் இருப்பார், எங்கோ தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கம்ப்யூட்டர் வழியாக நம் வேலையெல்லாம் பார்த்துக் கொடுப்பார், வீடியோவில் பார்த்தேன் என்றீர்கள். உங்களிடம் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. விளம்பரம் கொடுத்தேன்.

கேளம்பாக்கத்திலிருந்து சுப்ரஜா மேடம் விண்ணப்பித்தார். நெட்டில்தான் இன்டர்வியூ. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. எனக்குப் பின்னால் கொடியில் அப்பாவின் லுங்கி. உடனே என் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவர் கணீரென்று "ஹலோ கெசியா" என்றதும் அத்தனையும் மறந்து போயிற்று. நான் பேசவில்லை. அவரே தன்னைப் பற்றிச் சொன்னார். அப்போதும் நான் பேசவில்லை. எதிர்பார்க்கும் சம்பளத்தைச் சொன்னார். நான் பேசவில்லை. அவரே அதைக் குறைத்துச் சொன்னார். இவ்வளவு படித்த பெண்ணைச் சம்பளம் குறைக்க வைத்துவிட்டோமே என்று எனக்குப் பகீரென்றது. "எப்போ ஜாயின் பண்ணணும்?" என்று கேட்டார். "நாளை." என்று டைப் செய்து அனுப்பிவிட்டு, போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

அன்றிலிருந்து மாமா, தினமும் காலையில் ஒரு ரிப்போர்ட் வரும். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை கவுன் போயிற்று என்று கலர் கலராகக் கட்டம் போட்டு, கீழே "ஏதாவது கருத்து உண்டா, கெசியா?" என்று கேட்டிருப்பார். சம்பளம் கொடுக்கிறவள் மேடம் என்று எழுதினால் சிரிப்பாரோ, பெயரைச் சொல்லி எழுதினால் திமிர் என்று நினைப்பாரோ என்று யோசித்து யோசித்து, இரண்டும் வேண்டாம் என்று "சரி." என்று மட்டும் அனுப்புவேன். மறுநாள் ரிப்போர்ட் இன்னும் நீளமாக வரும். அதற்கு மறுநாள் அதைவிட நீளம். ஒருநாள் அதில் "கெசியாவிடம் நிலுவை" என்று சிவப்பில் ஒரு கட்டம் வந்தது. புது கவுன்களின் போட்டோவை நான் இன்னும் அனுப்பவில்லையாம். பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மை பார்த்தது போல இருந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்த கவுனைப் பாதியிலேயே பிடுங்கிப் போட்டோ எடுத்தேன். ஒரு கை இல்லாத கவுன் அப்படித்தான் நம் கடையில் விற்பனைக்கு வந்தது.

பிறகு, என் எதிர்பார்ப்புக்கு ஏற்ற மாதிரி செய்ய இன்னொருவர் வேண்டும் என்றார். "சரி." என்றேன். பொத்தேரியில் நண்பர்களோடு ரூம் எடுத்துப் படிக்கும் கிரீஷ் என்ற பையன் சேர்ந்தான். போன் எல்லாம் அவன் எடுப்பான். அவன் வந்ததும் எல்லோருக்கும் பதவி கொடுத்தார்கள். பார்சலை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கூரியருக்குக் கொண்டுபோகும் என் அப்பாவுக்கு 'லாஜிஸ்டிக்ஸ் ஹெட்' என்று பதவி. அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் பார்சல் எடுக்கச் சட்டையை டக் செய்துகொண்டு போகிறார்.

அடுத்து லீவு விதி வந்தது. கம்பெனியில் யாராக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'யாராக இருந்தாலும்' என்றால் நானும்தானே? என் சிநேகிதி ஏஞ்சல் கல்யாணம் வெள்ளிக்கிழமை வந்தது. "வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். போகலாமா?" என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்தது. பதில் மட்டும் வெகுநேரம் வரவில்லை. கட்டின புடவையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, "இன்னாடி நிக்கிற? தாலி கட்டி முடிச்சுடுவாங்க" என்றாள். லீவு இன்னும் வரவில்லை என்றேன். அம்மா தலையில் வைக்க எடுத்த பூவோடு அப்படியே நின்றுவிட்டாள். "நீதானே ஓனரு? நீ யாராண்ட லீவு கேக்குற?" எனக்கும் அப்போது ஒரு கணம் குழப்பமாகத்தான் இருந்தது. அதற்குள் "தாராளமா போயிட்டு வாங்க, கெசியா. நாங்க பாத்துக்கிறோம்" என்று பதில் வந்துவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்குக் கண் கலங்கியது. அந்தப் புத்தியைத்தான் இன்று நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

இனிமேல்தான் பெரிய அதிர்ச்சி. தையல் எங்கே தாமதமாகிறது என்று கணக்கு வேண்டும், டெய்லர் அம்மணி மெஷினை விட்டு எழுந்திருக்கும் போதெல்லாம் 'பிரேக்' என்று ஒரு மெசேஜ் போட வேண்டும் என்றார் சுப்ரஜா மேடம். டெய்லர் அம்மணி என் அம்மா என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மாவிடம் இந்த விதியைச் சொல்லவும் தைரியமில்லை. அதனால் அம்மா எழுந்தால் நானே 'பிரேக்' என்று அனுப்பினேன், உட்கார்ந்தால் 'வந்தாச்சு' என்று அனுப்பினேன். அம்மா கொல்லைப்பக்கம் போனால்கூடப் பின்னாலேயே போனேன். எதற்கு இப்படி வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறாய் என்றாள், சும்மா பாசம் என்றேன்.

திங்கட்கிழமை அம்மாவின் போனுக்கே கிரீஷ் கூப்பிட்டுவிட்டான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"வணக்கம், அம்மணி அவர்களா? ஹெச்.ஆர்.ல இருந்து கிரீஷ் பேசுறேன். உங்க பிரேக் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டுது. இது முதல் வார்னிங்."

"யார்ரா நீ? இன்னா ஜாஸ்தி?"

"காலையில இருந்து நிறைய தடவை எழுந்திருக்கீங்க."

"ஒல பொங்கினா எழுந்துக்க மாட்டாங்களா? நீ வந்து எறக்குவியா? எங்கருந்து பேசுற?"

"பொத்தேரி, ஆன்ட்டி."

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல, ஆன்ட்டி."

"போய் மொதல்ல சாப்டு. அப்பால ஒங்கம்மா நம்பரக் குடு. நான் பேசணும்."

போனை வைத்துவிட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மாமா, அந்தப் பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை. "நான் எழுந்தா ஒட்னே நீ போன நோண்டிகினு கீறியே, அது இதுக்குத்தானா? எம் மெசினு, எம் வூடு, எங்காலு. இதுக்கு ஒருத்தி கேளம்பாக்கத்துலருந்து கணக்கு எடுக்குறாளா? எல்லாம் எங்கண்ணன் குட்த்த ஐடியா!" என்று எழுந்து (நான் அப்போதும் பழக்கத்தில் 'பிரேக்' என்று அனுப்பிவிட்டேன்) பீரோவிலிருந்து ஒரு போர்வையை எடுத்து மெஷினை மூடிவிட்டாள். "அவ கம்பெனிய வுட்டு போனாத்தான் இது ஓடும். அதையும் நீ ஒன் வாயால சொல்லணும். டைப் அடிச்சேன்னு வந்து நின்னே, மெசின எடைக்குப் போட்டுடுவேன்."

அப்பா மெதுவாக, "நல்லாத்தானே பாத்துக்கிறாங்க. எனக்குக்கூட ஹெட்டுன்னு..." என்றார்.

"ஒனக்கு ஹெட்டு, எனக்கு வார்னிங்கா?" என்றாள் அம்மா. அப்பா சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

ஆனால் போர்வைக்கு அடியில், தூத்துக்குடிக்குப் போக வேண்டிய இரட்டைக் குழந்தைகளின் கவுன் இருக்கிறது, மாமா. வருகிற ஞாயிறு அவர்களுக்கு ஞானஸ்நானம். உடம்பு வெட்டியாயிற்று, கை வெட்டியாயிற்று, இரண்டும் சேரவில்லை. எனக்கு ஒரு நேர்க்கோடு கூடத் தைக்க வராது. அந்தக் குழந்தைகளின் அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே நம் கவுன் படத்தைப் பார்த்துப் பிடித்ததாக எழுதியிருந்தார். அவர் குழந்தைகள் அன்றைக்கு எதை உடுத்தும்?

அதனால் நேற்று மொட்டை மாடிக்குப் போனேன். "உங்கள் சேவை இனிமேல் தேவையில்லை" என்ற ஒரே வாக்கியம். தண்ணீர் டேங்கிடம் நிறையத் தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. நம்பரை அழுத்தினேன். அவர் "சொல்லுங்க, கெசியா" என்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான், மாமா: "மேடம், நான் வேலைய விட்டு நின்னுக்கட்டுமா?"

அவர், "நோட்டீஸ் ஒரு மாசம், இல்லையா கெசியா?" என்றார். நான் "சரி" என்றேன். வைத்துவிட்டார். மாலையில் கிரீஷிடமிருந்து மெசேஜ்: வெள்ளிக்குள் எல்லாப் பாஸ்வேர்டும் ஒப்படைக்கப்பட வேண்டும். என்னிடம் ஒரு பாஸ்வேர்டும் இல்லையே, நான் எதை ஒப்படைப்பேன்?

என் கம்பெனியிலிருந்து நானே ராஜினாமா செய்துவிட்டேன், மாமா. அதை அவர் ஏற்றுக்கொண்டும் விட்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, அந்த மேடத்திடம் ஒரு வார்த்தை பேசி, என்னைத் திரும்ப வேலையில் சேர்த்துவிட வேண்டும். முடிந்தால் முதலாளியாக.

அத்தைக்கு என் அன்பான ஸ்தோத்திரங்கள். உங்கள் மகன் ஆல்வினை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் படித்தால் தைரியம் வந்துவிடும் என்று மட்டும் சொல்ல வேண்டாம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள,
கெசியா.

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். மேலே எழுதியது எதையும் நம்பவும் வேண்டாம். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் வந்து இறங்கினார்கள். பார்சல் கவரில் இருக்கும் நம் விலாசத்தைப் பிடித்து வந்திருக்கிறார்கள். பெரியவர், "நான் யக்ஞநாராயணன், சுப்ரஜாவோட அப்பா. நேத்து மத்தியானத்திலேருந்து பொண்ணு சாப்பிடல்லே. தப்பு ஏதாவது பண்ணியிருந்தா நேர்ல மன்னிப்பு கேட்டுடலாம்னு அழைச்சுண்டு வந்தேன்" என்றார். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள் போல இருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"இது என் முதல் வேலை, மேம். கிளையன்ட்டைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், பயத்தைக் காட்டவே கூடாதுன்னு ஆன்லைன் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. ஆனா நீங்க இன்டர்வியூல ஒரு வார்த்தை பேசலை. கேமராவே போடலை. எவ்வளவு பெரிய ரிப்போர்ட் அனுப்பினாலும் 'சரி'ன்னு ஒரு வார்த்தை. உங்களுக்குத் திருப்தியே இல்லைன்னு நினைச்சு, என் சம்பளத்துல பாதியைக் குடுத்து கிரீஷைச் சேர்த்தேன். நீங்க லீவு கேட்டீங்களே, நான் போட்ட ரூலைக் குத்திக் காட்டறீங்கன்னு அன்னிக்கு அழுதேன். நேத்து நீங்க 'நான் நின்னுக்கட்டுமா'ன்னதும், என்னைத்தான் நிக்கச் சொல்றீங்கன்னு புரிஞ்சுண்டேன். ஒரு மாசம் நோட்டீஸாவது தருவீங்களான்னுதான் கேட்டேன். பாஸ்வேர்டெல்லாம் நாங்கதான் உங்ககிட்ட ஒப்படைக்கணும்னு கிரீஷ் எழுதினான்."

மாமா, என்னைப் பார்த்து ஒரு ஜீவன் நடுங்கியிருக்கிறது! இதைவிட எனக்கு என்ன அதிர்ச்சி வேண்டும்?

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த அம்மா, "இதுவா அந்த மேடம்? இத்தினூண்டு கீது!" என்றாள். டெய்லர் அம்மணி என் அம்மா என்று தெரிந்ததும் சுப்ரஜா தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அம்மா கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ போ வேணாம்மா. ஆனா எம்பொண்ணு ஒனக்கு ஒரு வேல சொல்லணும். வாயத் தொறந்து, எங்காதுல வுழுற மாரி. அப்பத்தான் நான் மெசினாண்ட ஒக்காருவேன்" என்றாள்.

தெருவே என்னைப் பார்ப்பது போல இருந்தது. என்ன வேலை சொல்வது என்று ஒன்றும் தோன்றவில்லை. தூத்துக்குடிக் குழந்தைகளை நினைத்துக்கொண்டேன். கையில் இந்தக் கடிதம்தான் இருந்தது. "சுப்ரஜா, இதைத் தாம்பரம் போஸ்ட் ஆபீஸ்ல சேத்துட்டு வந்துடு" என்றேன். சத்தமாகவே வந்தது. அம்மா போய்ப் போர்வையை எடுத்துவிட்டாள். மெஷின் ஓடுகிறது.

இந்தப் பின்குறிப்பை எழுதி முடிக்கும்வரை அவள் வாசலில் காத்திருக்கிறாள். வீட்டில் பசை தீர்ந்துவிட்டதால் கவரை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். வழியில் பிரித்துப் படிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.