'கேக்கல' அண்ணனும் எங்கள் வைவாவும்

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு பேரைக் கரையேற்றிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் ஆரணிக்காரர். அந்த வார்த்தை, 'கேக்கல'.

கல்லூரியில் எங்களோடுதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தார். சில வருஷம் வீட்டுப் பவர்லூமைப் பார்த்துக்கொண்டுவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்ததால், வகுப்புக்கே அண்ணன். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று முதல் நாளே அறிவித்துவிட்டார். கேன்டீன்காரர் டீக்குக் காசு கேட்டால்கூட "கேக்கல" என்பார். அவருடைய நிஜப் பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும் இருந்தது.

அந்த நாளில் நான் வாயில்லாப் பூச்சி. சொன்னால் என் வீட்டுக்காரர் இப்போது நம்புவதில்லை, சிரிக்கிறார். செமினார் என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் வைவா என்று ஒன்று வந்தது. ஐந்து பேர் ஒரு குழு; எங்கள் குழு நெசவாளிகளுக்கு ஒரு ஆப் செய்திருந்தது. எல்லோரும் பேச வேண்டும், ஒருவர் ஊமையாக நின்றாலும் ஐந்து பேருக்கும் மார்க் போகும். அரியர் விழுந்தால் மேல்படிப்புக்கு வேலூர் அனுப்ப மாட்டேன், நேரே கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். இந்த லட்சணத்தில் என் குழுவில் அண்ணனைத் தவிர மற்ற மூன்று பேரும் என்னைவிடக் கொஞ்சம்தான் தைரியசாலிகள்.

"எல்லாரும் சாயங்காலம் நம்ம தறிக் கொட்டாய்க்கு வந்துடுங்க, சேந்து படிக்கலாம்" என்றார் அண்ணன்.

போனால், தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன! தடக் தடக்கென்று மண்டைக்குள் ஆணி அடிக்கிற சத்தம். நடுவில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்.

"இன்னாண்ணா இது, இங்க எப்படிப் படிக்கிறது?" என்று பக்கத்திலிருந்தவன் கத்தினான்.

"தப்பாச் சொன்னா யார் காதுல வுழும்? தறி சிரிக்குமா? சும்மா கத்துங்கப்பா!"

அண்ணன் கேள்வியை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பதிலைக் கத்த வேண்டும். கத்தினால் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு "கேக்கல!" என்பார். மறுபடி கத்துவோம். "கேக்கல!" பேஜாராகிப் போகும். ஆனாலும் ஒரு விசேஷம், நாலைந்து நாளில் எனக்கு வெட்கமே விட்டுப்போயிற்று. என் குரல் எனக்கே கேட்காத இடத்தில் யாரைப் பார்த்துக் கூச்சப்படுவது?

தைரியம் முற்றிப் போய், பதில் தெரியாதபோது வாய்க்கு வந்ததையெல்லாம் கத்த ஆரம்பித்தேன். ஒருநாள் அப்படித்தான், அட்டையைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டேன். பாதியில் கரண்டு போய்விட்டது. அத்தனை தறியும் கப்சிப். அந்த அமைதியில் என் குரல் மட்டும் தனியாகக் கூரையில் மோதித் திரும்பியது.

"இந்தாளு ஒரு பைத்தியம்! எனக்குப் பசிக்குது!"

தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியே பாய்க்குள் சுருண்டுகொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா! திவ்யாவுக்கு இம்மாம் பெரிய வாயி கீது! இத்தினி நாளா மறைச்சி வெச்சிகினு கீது! யாருப்பா அங்க, ஜல்தியா போண்டா வாங்கியா!"

வைவா நாளும் வந்தது. ஏசி அறை. ஊசி விழுந்தால் கேட்கும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெதுவாகப் பேசுகிற மனிதர். என்னைத்தான் முதலில் கேட்டார், "நீ சொல்லும்மா, இந்த ஆப் நெசவாளிக்கு என்ன செய்யும்?"

தெரியும். நன்றாகத் தெரியும். நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேலூர் பஸ் என்னை விட்டுவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

வரிசையின் கடைசியிலிருந்து, "கேக்கல!"

தேர்வாளர் நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணுமே சொல்லலையேப்பா?"

"அதான் சார், கேக்கல."

எனக்குள் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. கத்தினேன் பாருங்கள்! புடவை டிசைன், இருப்பு, ஆர்டர் எல்லாவற்றையும் கொட்டினேன். பழக்க தோஷத்தில் மற்ற மூன்று பேரும் கூடவே கத்தினார்கள். பியூன் கதவைத் திறந்து, "சார், எதுனா சண்டையா?" என்றார்.

"போதும்மா, போதும். நல்லாவே கேட்டுச்சு" என்றார் தேர்வாளர், தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் அண்ணன் முதுகைக் காட்டியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஹாரன் சத்தம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் பின்னால் நின்று, பழைய குரலில், எனக்கே கேட்காத மாதிரி சொன்னேன். "நீங்க இல்லன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்ணா."

அவர் திரும்பக்கூட இல்லை. "அட சும்மா இரு. பேசினது நீ. நான் போண்டா துன்னுகினு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணா! அப்ப உங்களுக்குக் காது கேக்குதா?"

டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "கேக்கல" என்றார்.

இப்போது ஊர் ஊராக மேடை ஏறிப் பேசுகிறேன். மைக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பேச்சைத் தொடங்கும் முன் கடைசி வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அங்கிருந்து அந்த ஒரு வார்த்தை வந்துவிடாதா என்றிருக்கும்.