முழங்கை ஜோசியர்

“தோள்பட்டை இல்லை, லோரேன். முழங்கை. எழுதி வச்சுக்கோ, முழங்கைதான்!”

டோனட் கடை லோரேன் கேட்டது, காபிக்குப் பால் வேண்டுமா என்பதை மட்டும்தான்.

“எழுதிக்கறேன். பால் வேணுமா, வேண்டாமா?”

“ஒரு அங்குலம் கீழ இறங்கிடுச்சு. நேத்து டிவியில பாத்தேன். பந்தை விடற நேரத்துல முழங்கை இங்க இருக்கணும். எங்க இருக்கு? இங்க.” சொல்லிக்கொண்டே அவர் கையைத் தூக்கி வீசிக் காட்டினார். கையில் இருந்த பாதி டோனட் ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

இவர்தான் முழங்கை ஜோசியர். பேஸ்பால் ஆடும் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, காபி கிடைக்கிற இடத்தில் இவர் இருப்பார். மற்ற ஜோசியருக்கு உள்ளங்கை வேண்டும், பிறந்த நேரம் வேண்டும். இவருக்கு ஒன்றும் வேண்டாம். நானூறு அடி தூரத்தில் பந்து எறிகிற பிட்சர் ஒருவன் தொப்பியைச் சரி செய்தால் போதும், அவன் போன வாரம் ஏன் தோற்றான், வருகிற வாரம் ஏன் தோற்பான், அவனுக்கு எந்த வயதில் ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். இவர் பந்து எறிந்திருக்கிறாரா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் ஜோசியர் டெல்பர்ட் ஹாகன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். தேவாலயத்து அணியில் மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் பந்து வராத மூலையில் நின்றார்.

எங்கள் வாக்ஸ்டன் ஊர் அணிக்கு லாந்தர்ஸ் என்று பெயர். இந்த வருடம் அந்த லாந்தர் விட்டு விட்டுத்தான் எரிகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஐந்து பேர். ஒருவன் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, அடுத்தவன் அடுத்த நாள். இந்த ஐந்து பேரும் ஒரு முறை எறிந்த மாதிரி மறுமுறை எறிவதில்லை. ஒரு நாள் ஏழு இன்னிங்ஸுக்கு ஒரு ரன் கொடுக்காமல் நிற்பான். அதே ஆள், அதே கை, ஐந்தாம் நாள் இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அடி வாங்கி, வெளியே அனுப்பப்பட்டுக் குளிக்கப் போய்விடுவான்.

அதனால் டெல்பர்ட்டுக்கு மருந்து எழுதித் தீரவில்லை. செவ்வாய்க்கிழமை, “பசங்களுக்கு ஓய்வு பத்தலை, உயிரை வாங்கறாங்க” என்பார். புதன்கிழமை, “ஓய்வு ஜாஸ்தியாகிக் கை துருப்பிடிச்சுப் போச்சு” என்பார். வெள்ளிக்கிழமை, “எங்க காலத்துல ஒன்பது இன்னிங்ஸும் ஒருத்தனே எறிஞ்சுட்டு, சாயங்காலம் போய் வைக்கோல் ஏத்துவான்” என்பார். நடுவில் இருக்கிற வியாழக்கிழமையை ஏன் விட்டேன் என்கிறீர்களா? அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தார். வாயில் பஞ்சு.

அந்த டாக்டரிடமும் சைகையில் முழங்கையைக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இடம், பொருள் பார்க்கிற வழக்கமெல்லாம் இவருக்குக் கிடையாது. நண்பர் ஒருவரின் அடக்கத்தில் ஜெபத் தாளைச் சுருட்டிப் பந்தாகப் பிடித்து, ‘விரல் இப்படி வந்தால் பந்து இப்படி வளையும்’ என்று பாதிரியாருக்கே பாடம் எடுத்தவர். என் பேத்தி மேபல் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாழ்த்தவில்லை. துணிக்குள் இருந்து வெளியே நீண்ட கையை மட்டும் உற்றுப் பார்த்தார்.

“ரஸ், இடது கையை முதல்ல தூக்குது. இடது கை பிட்சருக்கு என்னைக்கும் வேலை உண்டு!”

பிறந்து நான்கு மணி நேரம் ஆன குழந்தையைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? ஆனால் நானும் பார்த்தேன். இடது கையைத்தான் முதலில் தூக்கினாள். அவ்வளவு அழகாக ஒரு கையைத் தூக்க முடியும் என்பதை என் அறுபத்தாறு வயது வரை நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஐந்து பிட்சர்களில் ஐந்தாவது ஆள் வெஸ்லி, என் மாப்பிள்ளை. மேபலின் அப்பா.

அது தெரிந்தும் டெல்பர்ட் சும்மா இருந்தாரா? தினமும் காலையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “உன் மாப்பிள்ளையைச் சொல்லலை, ரஸ். பொதுவாச் சொல்றேன். வெஸ்லின்னு பேரு இருக்கற ஒரு பிட்சரு...” என்று ஆரம்பிப்பார்.

“யோவ், லாந்தர்ஸ்ல எத்தனை வெஸ்லி இருக்கான்?”

“பாத்தியா, உனக்கு உடனே கோவம் வருது. நான் குறை சொல்றேனா? பாத்ததைச் சொல்றேன்.”

போன வாரம் அணியிலிருந்து வெஸ்லிக்குச் சொல்லிவிட்டார்கள்: சனிக்கிழமை ஒரு வாய்ப்பு, அதுவும் சொதப்பினால் மூட்டையைக் கட்டலாம். மூட்டை கட்டினால் எங்கே போவான்? ஐடஹோவில் அவன் அப்பாவின் தண்ணீர்க் குழாய்க் கடைக்கு. கூடவே என் மகள் ஜோலின் போவாள், எட்டு வாரக் குழந்தையும் போகும். காரில் இரண்டு நாள் தூரம். இப்போது அவர்கள் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறார்கள். காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போய் மேபலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். அவள் கொட்டாவி விடுவதைப் பார்க்க எனக்கு டிக்கெட் கேட்டால்கூட வாங்குவேன்.

சனிக்கிழமை மதிய ஆட்டம். மூன்றாம் பேஸ் பக்கம் பதினெட்டாவது வரிசையில் நான், மடியில் மேபலோடு ஜோலின், அந்தப் பக்கம் டெல்பர்ட். அவர் மடியில் ஸ்கோர் எழுதும் அட்டை, காதில் பென்சில்.

முதல் இன்னிங்ஸில் வெஸ்லி பந்தைக் குறி தப்பித் தப்பி எறிந்து, இரண்டு பேரை அடிக்காமலேயே முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டான்.

“ஆரம்பிச்சுட்டான்யா” என்றார் டெல்பர்ட். “முட்டி மடங்கவே இல்லை. முட்டி மடங்கலைன்னா முழங்கை என்ன பண்ணும், பாவம்?”

“அங்கிள், அவர் என் வீட்டுக்காரர்” என்றாள் ஜோலின்.

“அதனாலதாம்மா முட்டிமேல பழி போடறேன்.”

எப்படியோ அந்த இன்னிங்ஸ் தப்பியது. இரண்டாவது, மூன்றாவது நன்றாகப் போனது. நான்காவதில் லாந்தர்ஸ் ஒரு ரன் எடுத்தது. ஐந்தாவதில்தான் எனக்குத் திடீரென்று உறைத்தது: டெல்பர்ட் பேசவில்லை.

திரும்பி அவருடைய அட்டையைப் பார்த்தேன். எதிரணியின் பக்கத்தில் ஒரு ஹிட்கூட இல்லை; வெஸ்லியின் பந்தை அடித்துவிட்டு ஒருவன்கூட பேஸுக்கு ஓடிச் சேரவில்லை.

உங்களுக்கே தெரியும், ஒரு பிட்சர் ஹிட் கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அணிக்காரர்களே அவன் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கும் அதே சட்டம்தான். பேசக்கூடாது, இடம் மாறக்கூடாது, காலை மாற்றிப் போடக்கூடாது. சொன்னால் போச்சு, அடுத்த பந்திலேயே அடி விழும். இதை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கலாம். அவர்களும் ஆட்டம் நடக்கும்போது நம்புவார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் மேபல் தன் வேலையைச் செய்துவிட்டாள். வாசனை மெதுவாக வரிசை வரிசையாகப் பரவியது. ஜோலின் எழுந்திருக்கப் போனாள்.

“உக்காரும்மா” என்றார் முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர், திரும்பாமலேயே.

“குழந்தைக்குத் துணி மாத்தணுங்க.”

“ஒன்பதாவது முடிஞ்சதும் நானே மாத்தி விடறேன். உக்காரு.”

அந்தப் பகுதியில் நாற்பது பேர். ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. மூக்கைப் பிடித்தாலும் அது ஒரு மாற்றம்தானே? டெல்பர்ட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. முப்பது வருடமாக நிற்காமல் ஓடிய வாய். அதன் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லாமல், வேர்க்கடலையைத் தோலோடு அள்ளி அள்ளிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் தொடையைத் தடவிக்கொண்டோம்.

எட்டாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். அப்போது மேபல் கண் விழித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நேராக மைதானத்தைப் பார்த்தாள். நேராக அவள் அப்பாவைப் பார்த்தாள்! எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அவளை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினேன்.

“பாருடி என் தங்கம்! உங்கப்பாகிட்ட இன்னும் ஒருத்தன்கூட ஒரு ஹிட் எடுக்கலை!”

டெல்பர்ட் கையில் பென்சில் உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது தலைகள் திரும்பின. என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

அடுத்த பந்து. மட்டை உடைந்தது. பந்து ஓரக் கோட்டை ஒட்டி, வயிறு நிறைந்த பூனை போல மெதுவாக நடந்து போய்ப் புல்லில் படுத்துக்கொண்டது. அதை எடுக்க ஓடியவன் கீழே விழுந்தான். ஹிட்.

வெஸ்லி இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தான். அப்புறம் அடுத்தவனை அவுட் ஆக்கினான், ஒன்பதாவதையும் அவனே முடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். மேனேஜர் அங்கேயே அவன் தோளில் தட்டி, வியாழக்கிழமையும் நீதான் என்று சொல்லிவிட்டார். ஐடஹோ இல்லை. குழாய்க் கடை இல்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்தில் யாரும் என்னோடு பேசவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் டெல்பர்ட் வாயிலிருந்து கடைசிக் கடலைத் தோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “பையன்கிட்ட விஷயம் இருக்குன்னு முதல் நாள்லேர்ந்து நான்தானே சொல்லிட்டு வர்றேன்?”

பிட்சர்கள் ஒரு நாள் போல மறுநாள் இல்லை என்று வருத்தப்படுகிற மனிதர் இவர்.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஹிட்டுக்கும் என் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பதினெட்டாவது வரிசையிலிருந்து கவனித்தேன்: அந்தப் பந்துக்கு மட்டும் வெஸ்லியின் முன்னங்கால் கொஞ்சம் உள்ளே விழுந்தது. அரை அங்குலம் இருக்கும். அதை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என்ன சிரிக்கிறீர்கள்? நேற்று உங்கள் வீட்டு டிவிக்கு எதிரே எழுந்து நின்று, அதற்குக் காது கேட்கும் என்று நினைத்து, யாருக்கு எப்படி எறியச் சொல்லிக் கொடுத்தீர்கள்? உங்கள் வீட்டம்மாவைக் கேட்டால் சொல்லுவார்கள்.

நான் இந்த முன்னங்கால் விஷயத்தை இன்று காலை கடையில் விளக்கமாகச் சொன்னேன். டெல்பர்ட் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, லோரேன் பக்கம் திரும்பினார்.

“இந்த ஆளு ஏழு இன்னிங்ஸ் வரைக்கும் நல்லாத்தான் இருக்கான், லோரேன். எட்டாவதுல கட்டுப்பாடு போயிடுது. வியாழக்கிழமை ஏழாவது முடிஞ்சதும் இவனைக் கிளப்பி வீட்டுக்கு அனுப்பிடணும். பாப்பாவை நான் வச்சுக்கறேன்.”