நம்பாதவன் கையில் ஞானப்பிள்ளை

ஏர்மூபொலி, சீரோஸ் தீவு
ஞாயிறு மாலை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா பொலிக்சேனிக்கு,

தம்பி திராசிவுலோஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். மெல்போர்னில் நீயும் சுகமாக இருப்பாய். ஆண்டவன் அருளால் என்று நான் எழுதமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள், அது போதும். அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கும்.

போன வாரம் தேவாலயத்தில் நடந்தது இன்னும் உன் காதுக்கு எட்டியிருக்காது. எட்டுவதற்குள் என் வாயால் கேட்டுக்கொள். என் மாடி வீட்டில் மிர்சினி என்று ஒரு பெண் இருக்கிறாள், புருஷன் லூகாஸ் கப்பலில் போகிறவன். அவளுக்கு இடுப்பு வலி கண்ட அன்று அவன் ஏதோ ஒரு சமுத்திரத்தின் நடுவில் இருந்தான், மழை வேறு கொட்டியது, நான்தான் அவளைக் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே என் மூன்று சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பையன் பிறந்தான். சில மாதம் கழித்து ஒரு நாள் அவள் கீழே இறங்கி வந்தாள்.

"திராசோ மாமா, இவனுக்கு நீங்கதான் ஞானத்தந்தையா நிக்கணும்."

"அடிப் பைத்தியமே, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதுன்னு இந்தத் தீவுல இருக்கற கழுதைக்குக்கூடத் தெரியுமே!"

"தெரியும் மாமா. நாளைக்கு எனக்கும் லூகாசுக்கும் ஒண்ணு ஆயிட்டா இவனைப் பள்ளிக்கூடத்துல விட மேலேர்ந்து யார் இறங்கி வருவா? நீங்கதானே வருவீங்க!"

அக்கா, பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டையிடம் இப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் ஞானத்தந்தை எல்லார் முன்னாலும் விசுவாசப் பிரமாணம் சொல்லவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. 'நம்புகிறேன்' என்று அல்லவா அது ஆரம்பிக்கிறது! உடனே காப்பிக்கடைக்கு ஓடி, பகடை ஆடிக்கொண்டே ஃபோடிஸ் பாதிரியாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்டா, நாலு வரி சொன்னா வாய் வெந்து போயிடுமா?"

"நம்பாம சொன்னா பொய் இல்லையா சாமி?"

"கோயில் பாட்டுக்காரர் சொல்லுவாரு, நீ சும்மா வாயை அசைச்சுட்டு நில்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

இதைச் சொல்லிக்கொண்டே, நான் கடலைப் பார்க்கிறேன் என்று நினைத்து, பகடையை விரலால் ஒரு புரட்டுப் புரட்டினார். கடவுள் பார்க்கிறார் என்று ஊருக்குச் சொல்கிறவர் பகடையைப் புரட்டுகிறார், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற நான் ஒரு நாளும் புரட்டியதில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம், எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்காத மூலையில் இருக்கும் போல்ட்டையும் நான் இறுக்கித்தான் வைத்தேன். நரகத்துக்குப் பயந்து இல்லை, அந்தக் கப்பலில் யாரோ நிம்மதியாகத் தூங்கவேண்டுமே என்றுதான். பிள்ளையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகப் பொய் சொன்னால், பிறகு 'பொய் சொல்லாதே' என்று எந்த முகத்தோடு அவனிடம் சொல்வேன்? ஞானத்தந்தையாகவும் நிற்பேன், பொய்யும் சொல்லமாட்டேன் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. மேற்கே திரும்பிச் சாத்தான் மேல் துப்பச் சொன்னார்கள். இல்லாத ஆள் மேல் துப்புவதில் எனக்கென்ன ஆட்சேபணை, பலமாகவே துப்பினேன், அது பையனின் தாத்தா ஸ்தமாத்திஸின் புது பூட்ஸில் போய் விழுந்தது. இந்த ஸ்தமாத்திஸ் யார் என்றால் லூகாஸின் அப்பா, உங்கள் தெருவில் இருக்கும் கல்லிரோயி அம்மாளின் தம்பி. முதல் பேரனுக்குத் தன் பெயர் வரப்போகிறது என்று புதுக் கோட்டெல்லாம் தைத்துப் போட்டுக்கொண்டு நின்றான். பூட்ஸை அவன் துடைத்து முடிப்பதற்குள் பிரமாணம் வந்துவிட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"இதை நான் நம்பலை. நம்பறதா சொன்னா பொய். ஆனா இந்தப் புள்ள பசிச்சா சோறு போடுவேன், விழுந்தா தூக்குவேன், தப்பு பண்ணா கண்டிப்பேன், ஊரே எதிர்த்தாலும் கூட நிப்பேன். இது என் மேல சத்தியம்!"

மிர்சினி அழுதாள். ஸ்தமாத்திஸ் முகம் சிவந்து, என்னைப் பார்த்து முறைத்தபடியே முழுப் பிரமாணத்தையும் சண்டைக்கு வருகிறவன் மாதிரி கத்திச் சொல்லி முடித்தான். அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் என் பக்கம் திரும்பி, "பேரு?" என்றார். நான் பேசிய பேச்சுக்கு என்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "திராசிவுலோஸ்!" என்றேன்.

அவ்வளவுதான். அவர் கேட்டது பையனுக்கு வைக்கவேண்டிய பெயரை! பையனுக்கு எண்ணெய் பூசி, தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டு, ஒவ்வொரு முழுக்குக்கும் என் பெயரைச் சொல்லித் தூக்கிவிட்டார். கூட்டம் 'ஐயோ' என்றது. பையன் மட்டும் சிரித்தான். வெளியே ஸ்தமாத்திஸ் பாதிரியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டான்.

"மாத்துங்க சாமி!"

"ஞானத்தந்தை சொன்னாரு, நான் முழுக்கினேன். திருப்பிப் புரட்ட இது என்ன பகடையா?"

ஸ்தமாத்திஸ் என் பக்கம் வந்தான். "டேய், நீ 'ஸ்தமாத்திஸ்'னுதான் சொன்னே, சாமிக்குக் காது கேக்கலைன்னு சொல்லிடுடா. ஒரே ஒரு பொய்தானே!" குரல் உடைந்துபோயிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது அக்கா. ஆனாலும் அரைப் பொய்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். விருந்தில் ஆட்டுக்கறியை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தின்றான், இன்றுவரை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கடவுள் இல்லாமலும் ஒரு மனுஷன் நேர்மையாக வாழமுடியும் என்று ஊருக்குக் காட்டிவிட்டேன். என் வாயிலிருந்து பொய் வராது, யாருக்காகவும் வராது.

உன் வீட்டில் எல்லாருக்கும் நல்லதே நடக்கட்டும். நடத்திவைப்பது யார் என்ற கேள்வியை விட்டுவிடுவோம்.

உன் பிரியமுள்ள தம்பி,
திராசிவுலோஸ் (பெரியவன்)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள், குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. போனேன். போன் அடித்தது, மிர்சினி அடுப்படியில் இருந்ததால் நானே எடுத்தேன். உங்கள் தெருவிலிருந்து கல்லிரோயி அம்மாள். தாயில்லாத தம்பியைத் தன் கையால் வளர்த்தவள், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவள். "ஞானத்தந்தையா பேசறது? என் தம்பி பேரை வச்சீங்களா ஐயா?" என்று கேட்டாள். எதிரே ஸ்தமாத்திஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "வச்சோம்மா. ஸ்தமாத்திஸ்னு கூப்பிட்டா சிரிக்கிறான்" என்றேன். அந்தப் பக்கம் அவள் சந்தோஷத்தில் அழுதாள், இந்தப் பக்கம் ஸ்தமாத்திஸ் எழுந்து போய் எனக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தான். எந்தச் சாமியும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை, மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆகவே அக்கா, மேலே எழுதியதை எல்லாம் கிழித்து அடுப்பில் போடு. நாளைக்கே அவளைப் போய்ப் பார்த்து, சின்ன ஸ்தமாத்திஸ் சுகமாக இருக்கிறான் என்று சொல்.