எதிர்ச்சந்து அண்ணனின் ஞாயிறு தாள்

சேலையூரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் எதிர்ச்சந்து அண்ணனுக்குத் தெரியும். தெர்மாமீட்டருக்கே அதற்கு அப்புறம்தான் தெரியும்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வாசலில் கொடுக்கும் அறிவிப்புத் தாளைத் தயாரிப்பவர் அவர். மற்ற சபைகளின் தாளில் முதல் பக்கம் கூட்டம், விருந்து என்று இருக்கும். எங்கள் தாளில் நோயாளிகள் இருப்பார்கள், வீட்டுக்கு வழியோடு. ‘காம்ப் ரோடு, மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து, பச்சை கேட். நாய் குரைக்கும், கடிக்காது. பெரியவருக்குக் காது மந்தம், சத்தமாக ஜெபிக்கவும்.’ எல்லா வழியும் ஏதாவது ஒரு எதிர்ச்சந்தில் போய் முடிவதால் அவருக்கு அந்தப் பெயர். நாய் கடிக்காது என்பதை நம்பிப் போன பாடகர் குழுத் தம்பி ஒருவன் ஊசி போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் அவன் பெயரும் தாளில் வந்தது, வழியோடு.

போன வருடம் புது ஹால் கட்டி முடித்த கையோடு புது செக்ரட்டரியும் வந்தார்.

“முதல் பக்கத்துல ஹாலுக்கு உதவினவங்க பேர் மட்டும் வரட்டும். ஒடம்பு முடியாதவங்களுக்கு ஒரு வரி போதும் அண்ணே. ‘வியாதியஸ்தருக்காக ஜெபியுங்கள்’னு போடுங்க.”

“வழி?”

“கர்த்தருக்கு வழி தெரியும்.”

“அவருக்குத் தெரியும் சார். கஞ்சி எடுத்துட்டுப் போறவங்களுக்குத் தெரியாதே.”

கமிட்டியும் செக்ரட்டரி பக்கமே கை தூக்கிவிட்டது.

அந்த வாரம்தான் என் அம்மா மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்குப் போனவன் நான். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, லீவு கிடையாது. சோற்றையும் தண்ணீரையும் அம்மாவுக்கு எட்டும்படி வைத்து, கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவேன். விஷயத்தை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தச் சபையும் வியாதியஸ்தருக்காக உருகி ஜெபித்தது. ஒருவரும் வரவில்லை. யாருக்கு என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே.

அடுத்த ஞாயிறு, சார் சொன்னபடியே, முதல் பக்கத்தில் ஹாலுக்கு உதவியவர்கள். முதல் பெயர் என் அம்மாவுடையது.

‘ராணி அம்மா. சித்தாளாக இருந்து ஹாலுக்குச் செங்கல் தூக்கி உதவியவர். இப்போது கால் முறிந்து பகலில் தனியாக இருக்கிறார். ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து, இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருக்கும்.’

“என்னண்ணே இது?” என்றார் செக்ரட்டரி.

“உதவினவங்க பேர்தானே சார் கேட்டீங்க?”

சார் ஹால் சுவரை ஒருதரம் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள் மாலை வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்கச் செருப்பு.

“இன்னாடா, வூட்ல நிக்க எடமில்ல” என்றார் அம்மா, குறை சொல்லும் குரலில், முகமெல்லாம் சிரிப்பாக. “செக்ரட்டரி சார் வாழப்பழம் கொண்ணாந்தாரு. மூணு வூட்டுக் கஞ்சி கீது, நீயும் குடி.”

கூட்டத்துக்கு நடுவே ஸ்டூலில் அண்ணன்.

“தாள்ல போட்ட வழி சரியா இருக்கான்னு பாக்க வந்தேன் தம்பி.”

சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை அவர் தினமும் வந்து சரிபார்த்தார்.