மௌரியர் உத்தரவில் திறந்த நெல் ஸ்டோர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், ஊர் ‘கல்வெட்டர்’ என்று பட்டம் வைத்த எங்கள் ஸ்டோர்கீப்பரைப் போல் கல்லை மதித்த மனிதர் பிறக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், மாப்பிள்ளையை விட்டுவிட்டு அம்மியைப் புரட்டி எழுத்துத் தேடுவார். பழுகாமத்துப் பக்கம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே கிளாக்கர்.

ஒருமுறை ரோட்டை மறித்துச் சோதிக்கும் சென்றியில் சிங்கள ஆமிக்காரர் அவருடைய பிராமி எழுத்துத் தாளைப் பிடித்துவிட்டார்கள்.

“இது என்ன மெப்? எந்த இடத்துப் படம்?”

“மெப் இல்ல ஐயா. உங்கட எழுத்துக்கும் எங்கட எழுத்துக்கும் பூட்டன்.”

பூட்டனுக்காகப் பின்னேரம்வரை வெயிலில் இருத்திவைத்தார்கள். இருந்த கல்லையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

சண்டை முற்றி, இடம்பெயர்ந்த சனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிறைந்தது. ஸ்டோரிலே நெல் முட்ட முட்ட இருந்தது. ஆனால் டவுனில் இருந்த சங்கத் தலைமைக் கந்தோரின் உத்தரவு இல்லாமல் கல்வெட்டர் குருவிக்குக்கூட ஒரு மணி போடமாட்டார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பொன்னம்மாக்கா பிள்ளைகளோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணன், புள்ளயள் பசியில சுருண்டு கிடக்குதுகள். திறவுங்களன்!”

“உத்தரவு வரோணும், புள்ள.”

“துறையில வள்ளமே ஓடல்ல, உத்தரவு எப்பிடி வாற?”

கல்வெட்டர் பிள்ளைகளைப் பார்த்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மடையன் நான்! உத்தரவு எப்பயோ வந்திட்டு!”

கரித்துண்டை எடுத்து ஸ்டோர்க் கதவில் பிராமியில் எழுதி, உரக்க வாசித்தார்.

“வங்கத்து மகாஸ்தான் கல்வெட்டு. மௌரியர் காலம். சனத்துக்கு இடர் வந்தா களஞ்சியத்து நெல்லக் குடு. நல்ல காலம் வந்தா களஞ்சியம் திரும்ப நிரம்போணும். எள்ளும் குடுக்கச் சொல்லியிருக்கு. எள்ளு ஸ்டொக் இல்ல, மன்னிக்கோணும்.”

நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். “அண்ணன், அந்த அரசாங்கமே இப்ப இல்லையே!”

“உத்தரவை ரத்துச் செய்து கடிதம் வந்ததா?”

“இல்ல.”

“அப்ப அது செல்லும். சாக்கைத் தூக்கு, மனே!”

அன்று பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரிந்தது.

வள்ளம் ஓடத் தொடங்கியதும் டவுன் கந்தோரிலிருந்து பெரியவர் வந்தார். “யாரைக் கேட்டுத் திறந்தீர்?” என்றார். கல்வெட்டர் பணிவாகக் கதவைக் காட்டினார். அன்றே அவருடைய வேலை போய்விட்டது.

சனம் ஊர் திரும்பி, வயல் விதைத்து வெள்ளாண்மை வெட்டியது. கல்வெட்டு சொன்னபடி நெல் தோணி தோணியாகத் திரும்பி வந்தது. புது ஸ்டோர்கீப்பர் ஓடிவந்து சாக்கை வாங்கக் கையை நீட்டினார்.

“கல்வெட்டர் அண்ணன் வராம ஒரு சாக்கும் இறக்கமாட்டம்” என்றாள் பொன்னம்மாக்கா.

ஆளனுப்பிக் கூட்டிவந்தோம். மனுசன் சாக்குக்குள் கையை விட்டு, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார்.

“ஈரம் கிடக்கு, புள்ள. காயவைச்சுக் கொண்டுவா, போ!” என்று அவளை ஏசினார். ஏசும்போதே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த மனுசனுக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.