கேட்காமலே நிரப்புகிறவர்

காலியான கட்டத்தைக் கண்டால் கை பரபரக்கிற மனிதர் ஒரு ரகம். அவரை உங்களுக்குத் தெரியும். படிவத்தில் ‘விரும்பினால் மட்டும் நிரப்பவும்’ என்று அச்சடித்திருந்தாலும் நிரப்புவார். பக்கத்து இருக்கைக்காரரின் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்து, “இதை ஏன் சும்மா விட்டுட்டீங்க? ‘பொருந்தாது’ன்னு போடுங்க” என்பார். ஓட்டலில் பரிமாறுகிறவர் மேசைக்கு வந்து சேர்வதற்குள், கூட வந்த ஐந்து பேருக்கும் என்ன வேண்டும் என்பதை, அந்த ஐந்து பேருக்கே தெரிவதற்கு முன்னால், சொல்லி முடித்திருப்பார். கெட்ட மனிதரா? சேச்சே. குடிக்க மாட்டார், புறம் பேச மாட்டார், யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். கேட்க மட்டும் மாட்டார். எதற்குக் கேட்க வேண்டும்? அவருக்குத்தான் தெரியுமே.

இந்த ரகத்தில் முதல் தரமான ஒருவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். பின்கட்டிடத்தில், சலவை அறைக்கு நேர் மேலே, ஜன்னலைத் திறந்தால் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் வருகிற அறையில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வார்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் போனில் அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. பிரிவில் அவருக்கு ‘தானாவரும்’ என்று பெயர். யார் என்ன சந்தேகத்தோடு போனாலும், “அதெல்லாம் தானா வந்துடும், விடுங்க” என்று அனுப்பிவிடுவார்.

வீட்டிலும் அப்படித்தான். மகன் ஆறு வயதில் ஒரு மஞ்சள் சட்டைதான் வேண்டும் என்று அழுதான். இன்று அவனுக்கு இருபத்து நான்கு வயது, வேறொரு ஊரில் வேலை. பிறந்தநாள் தவறாமல் மஞ்சள் சட்டை போய்ச் சேர்கிறது. மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஒரு முறை பஸ்ஸில் வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து தங்கை கூப்பிட்டாலும் சரி, தோழி கூப்பிட்டாலும் சரி, போனை வாங்கி, “அவளுக்கு பஸ் ஒத்துக்காதுங்க” என்று நம்மவரே பதில் சொல்லிவிடுவார். அந்த அம்மாளுக்குத் தினமும் பக்கத்துத் தெருவிலிருந்து பஸ் ஏறித்தான் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஒரு முறை விழுந்த விவரம் விழுந்ததுதான். அதை யார் எடுத்து மாற்றுவது?

இப்போது அவருடைய தொழில் ரகசியத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், இரண்டு நிமிஷ வேலை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய டேபிளில், அதாவது கட்டம் போட்ட பட்டியலில், கிடக்கிறது. ஓர் ஆளுக்கு அறுபத்து நான்கு கட்டங்கள். பிரதான கவுண்ட்டரில் அத்தனையையும் கேட்டு எழுத இருபது நிமிஷம் ஆகும். வலியில் துடிக்கிறவரிடம் இருபது நிமிஷம் கேட்க முடியாதே என்று, விரைவுப் பதிவுக்கென்று வேறொரு கவுண்ட்டர் திறந்தார்கள். அதற்காக நம்மவர் ஒரு வியூ செய்து கொடுத்தார். வியூ என்பது சுவரில் வெட்டிய ஜன்னல் போல. அதன் வழியாகப் பார்த்தால் ஐந்து கட்டங்கள் மட்டும் தெரியும்: பெயர், வயது, ஆணா பெண்ணா, முகவரி, என்ன தொந்தரவு. அந்த ஐந்தையும் ஜன்னல் வழியே போட்டால் உள்ளே பெரிய டேபிளில் போய் விழும். தெரியாத மற்ற ஐம்பத்தொன்பது கட்டங்கள்? அவை காலியாக இருக்காது. அடியில் ஏற்கெனவே எழுதி வைத்த பதில் ஒன்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது விழும். அதற்குப் பெயர் டீஃபால்ட்.

அந்த ஐம்பத்தொன்பதில் ஒரு கட்டம், ‘துணைக்கு ஆள்’. அதன் டீஃபால்ட், ‘இல்லை’. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், சோதனைக்காக ஒரு பொய் நோயாளியைப் பதிவு செய்துகொண்டே சாப்பிட்டபோது, இடக்கையால் நம்மவர் அடித்து, அப்படியே விட்டுவிட்ட வார்த்தை அது.

விரைவுக் கவுண்ட்டர் திறந்த வாரமே இதைக் கண்டுபிடித்தவர் எதிர் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண்.

“சார், வியூ வழியா பதிவு பண்ணினா ‘துணைக்கு ஆள்’ கட்டத்துல என்ன விழும்?”

“டேபிள்ல என்ன டீஃபால்ட் இருக்கோ அதும்மா. தானா வந்துடும்.”

“அதுல ‘இல்லை’ன்னு இருக்கு சார். ஆனா நாம கேட்கவே இல்லையே. இல்லைங்கறதும் கேட்கலைங்கறதும் வேற வேறதானே?”

“நடைமுறையில ரெண்டும் ஒண்ணுதான்.”

“வியூவுக்குன்னு தனியா ஒரு டீஃபால்ட் வெச்சுக்கலாம் சார். டேபிள்ல இருக்கறது பாட்டுக்கு இருக்கட்டும். இந்த வழியா வர்றவங்களுக்கு மட்டும் ‘கேட்கவில்லை’ன்னு விழட்டும். ஒரு வரி எழுதினா போதும்.”

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னப் பிள்ளைகள் ஏதாவது சொன்னால் அவர் அப்படித்தான் துடைப்பார்.

“ஆஸ்பத்திரி ரெக்கார்டுல ‘கேட்கவில்லை’ன்னு இருந்தா நல்லாவாம்மா இருக்கும்? பார்க்கறவங்க ஏன் கேட்கலைன்னு நம்மளைக் கேட்பாங்க.”

அந்தப் பெண் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

எட்டு மாதம் கழித்து நிர்வாகம் ஒரு புள்ளிவிவரம் கேட்டது. நம்மவரே தயாரித்துக் கொடுத்தார். துணையில்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் முன்பு நூற்றுக்கு ஆறு பேர், இப்போது நாற்பத்தொரு பேர். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். குடும்பம் என்கிற அமைப்பு எப்படிச் சிதைந்துகொண்டு வருகிறது என்பது பற்றித் தலைமை மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணையில்லாதவர்கள் சிகிச்சைக்குப் பிறகு தங்கித் தேற, வளாகத்திலேயே இருந்த ஓய்வு இல்லத்தில் பத்துப் படுக்கைகளைக் கூட்டுவது என்று தீர்மானமாயிற்று. நம்மவர் மனம் கனத்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

“காலம் கெட்டுப்போச்சு. பெத்த பிள்ளை, கட்டின புருஷன்னு ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றதில்லையாம்” என்றார்.

“அப்படியா” என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி. அன்று அவர் வலப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டுதான் மடித்தார். அந்த மாதத்தில் மூன்று முறை வலி என்று சொல்லியும் பார்த்துவிட்டார். மூன்று முறையும் பதில் தயாராக இருந்தது: “கேஸ்.”

கேஸ் இல்லை, பித்தப்பையில் கல். ஒரு நாள் விடியற்காலை வலி தாங்காமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நம்மவர் ஆடிப்போய்விட்டார். அதில் சந்தேகமே வேண்டாம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்சி பிடித்து வந்தார். ஆனால் விரைவுப் பதிவு ஜன்னலைப் பார்த்ததும் மனிதருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. கவுண்ட்டர் பெண் ஐந்து கேள்விகளை மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார். ஐந்துக்கும் கணவர் பதில் சொன்னார். வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார்.

“முப்பத்தெட்டு செகண்டு” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார் நம்மவர். “பார்த்தியா? இது நான் பண்ணினது.”

அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. பிரதான கவுண்ட்டர் வழியாக வந்தவர்களின் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது நர்ஸ் வந்து ஒரு பெயரைச் சொல்லி, “கூட வந்தவங்க வாங்க” என்பார். யாராவது ஓடுவார்கள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்த நம்மவர், பத்துக்கும் உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்கும் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் மூன்று பேர் மாறிவிட்டார்கள். நான்காவதாக வந்த லாரி டிரைவருக்கே பொறுக்கவில்லை.

“போய் ஒரு வார்த்தை கேளுங்களேன் சார்.”

“கூப்பிடுவாங்க. இங்க எல்லாத்துக்கும் சிஸ்டம் இருக்கு.”

மூன்று மணி ஆயிற்று. உள்ளே ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எழுந்து நர்ஸின் மேசைக்குப் போனார். வாழ்க்கையில் கேட்டே பழக்கமில்லாதவர், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மனைவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றார்.

நர்ஸ் திரையைப் பார்த்தார். “நல்லா இருக்காங்க சார். பன்னெண்டு மணிக்கே வார்டுக்குக் கொண்டு போயாச்சு. நீங்க யாரு?”

“அவ புருஷன்.”

“துணைக்கு ஆள் இல்லைன்னு இருக்கே.”

“அந்த இல்லைக்கு இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க.”

“பின்னே?”

“கேட்கலைன்னு அர்த்தம்.”

“அப்படின்னா கேட்கலைன்னே போட வேண்டியதுதானே சார்?” என்றார் நர்ஸ், சாதாரணமாக. “ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சின்னத் துளை போட்டுப் பண்றதா, திறந்து பண்றதான்னு. ஆள் உண்டுன்னு இருந்திருந்தா டாக்டர் உங்களைத் தேடியிருப்பாரு. யாருமில்லைன்னு இருந்ததால அவங்ககிட்டயே விவரமா சொல்லிக் கேட்டாரு. அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. எத்தனை தெளிவா பேசறாங்க தெரியுமா?”

தெரியாது. நம்மவருக்கு அது தெரியாது. தான் கொடுத்த கணக்கின் நாற்பத்தொரு சதவீதத்தில் பலர் தனியாக வந்தவர்களே இல்லை என்பதும், அவர்களின் புருஷன்களும் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் இதே பெஞ்சில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் ரகத்தின் குணம் லேசில் போகுமா? பிழை ஒரு வரியில் திருத்தக்கூடியதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வார்டைப் பார்த்து நடந்தார்.

மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நலப்பிரிவு அலுவலர், ஐம்பது வயதுப் பெண்மணி, கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

“வாங்க” என்றார் மனைவி கணவரைப் பார்த்து. “சாப்பிட்டீங்களா?”

“அது இருக்கட்டும். இவங்க யாரு?”

“என்னைப் பத்து நாள் ஓய்வு இல்லத்துல வெச்சுப் பார்த்துக்கறேன்னு சொல்றாங்க. தனியா இருக்கறவங்களுக்காம். ரூமுக்கு முன்னாடி மரம் இருக்குமாம். காலையில வந்து என்ன சாப்பிடறீங்கன்னு கேட்பாங்களாம்.”

கடைசி வாக்கியத்தை அந்த அம்மாள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

“நீ தனியா இல்லையே” என்றார் நம்மவர். பிறகு அலுவலரிடம், “மேடம், இது டீஃபால்ட் பிழை. நான் கம்ப்யூட்டர் பிரிவுதான். ‘உண்டு’ன்னு மாத்திடுங்க, முடிஞ்சது” என்றார்.

“நீங்க சொல்லி மாத்த முடியாது சார். அவங்க சொல்லணும்.” அலுவலர் படுக்கைப் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்காங்களா?”

“இருக்காங்க” என்றார் நம்மவர்.

“உங்களைக் கேட்கலை சார்.”

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, மனைவி என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது இத்தனை பயமாக இருக்கும் என்றும் தெரியாது. இருக்காங்கன்னு சொல்லு, சொல்லேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினார். மனைவியோ அவசரப்படவில்லை. கேள்வியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிற மாதிரி யோசித்தார். கோபம் இல்லை. கணவரின் மாற்றிப் போட்ட பொத்தான்களை ஒரு முறை பார்த்தார். லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

“இப்ப இருக்கறது அப்படியே இருக்கட்டும்மா” என்றார். “பத்து நாள் கழிச்சு வந்து இன்னொரு தடவை கேளுங்க. அப்ப சொல்றேன்.”

அலுவலர் கோப்பில் குறித்துக்கொண்டார். நம்மவர் கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார். அந்தப் பத்து நாளும் சாயங்காலம் தவறாமல் வந்து பார்த்தார். பதினோராவது நாள் என்ன பதில் விழுந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் அந்த அம்மாளைக் கேட்கவில்லை.

இந்த மாதிரி ஆட்கள் கூட இருந்தால் குடும்பத்தில் இருப்பவர்கள் பாவம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்றும் ஒரு நிம்மதி வந்திருக்கும். வீட்டில் எல்லோரிடமும் கேட்டுத்தான் எதையும் செய்கிறீர்கள், அப்படித்தானே? சந்தோஷம். அதை யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள்?