காயமில்லா வளாகம்

விளையாட்டு வீரர்களுக்கு அடிபட்டால் கவனிக்கும் படிப்பை வகுப்பறையில் உட்கார்ந்தே படித்துவிட முடியாது என்று பல்கலைக்கழகம் ஒருநாள் கண்டுபிடித்தது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுற்றறிக்கை வந்த பிறகே உண்மையாயிற்று. சுளுக்கிய மனிதர் ஒருவருக்காவது தன் கையால் கட்டுப் போட்டவருக்கே இனிப் பட்டம்.

அதே வாரம் விளையாட்டு இயக்குநர் ‘காயமில்லா வளாகம்’ விருதுக்கு விண்ணப்பித்தார். ஆகவே மேன்மைதங்கிய நிர்வாகம் காயங்களுக்கு முற்றாகத் தடை விதித்தது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஓர் இறுதியாண்டு மாணவி. எந்நேரமும் மருந்து வாசனை அடிப்பதால் ‘தைலம்’ என்றே கூப்பிடுவார்கள். கட்டுத்துணியும் ஐஸ் பையுமாக மைதானத்தோரம் தவம் கிடந்தாள். கோல்கீப்பர் தாங்கித் தாங்கி வந்தான்.

“அண்ணா, கணுக்கால் வீங்கியிருக்கே?”

“பிறவியிலேயே அப்படித்தான்மா. போ போ, டீமை விட்டுத் தூக்கிடுவாங்க.”

பட்டம் கைநழுவிப் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விருதுக் குழு வந்த அன்று, அவர்களுக்காகவே பளபளவென்று துடைத்திருந்த படியில் இயக்குநர் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. தைலம் ஓடிவந்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் யாருக்கும் உதவ ஓடியதில்லை.

“அசையாதீங்க சார், கட்டிடறேன்.”

“எனக்கு ஒண்ணும் ஆகலை,” என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“கட்டலைன்னா எனக்குப் பட்டம் இல்லை சார்.”

“கட்டினா எனக்கு விருது இல்லைம்மா.”

அவளுடைய பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் பேசுவதில் அவர் கைதேர்ந்தவர்.

“சுளுக்கினவருக்குக் கட்டணும்னுதான் விதி. எந்தக் கால்னு சொல்லலை. நல்ல கால்ல கட்டும்மா.”

இடது காலில் கட்டு வெகு நேர்த்தியாக அமைந்தது. காயமில்லாத காலைப் பார்வையிட்ட குழு, விருதையும் கொடுத்தது.

மறுநாள் இயக்குநர் நொண்டிக்கொண்டே வந்தார். அவர் பக்கத்தில் நிமிர்ந்து நடப்பது மரியாதையில்லை என்று உதவி இயக்குநரும் நொண்டினார். பிறகு அலுவலகம் நொண்டியது. வாரக் கடைசிக்குள் ஒற்றைக் காலில் கட்டோடு திரிவதே நாகரிகமாகிவிட்டது. கோல்கீப்பர் முதன்முறையாக நிம்மதியாக நொண்டினான்.

“இப்பவாவது காட்டுங்கண்ணா,” என்றாள் தைலம்.

“எல்லாருக்கும் இருக்கிறதுதானே, விடும்மா.”

பட்டமளிப்பு விழாவில் தைலமும் நொண்டிக்கொண்டுதான் மேடையேறினாள். பட்டம் கைக்கு வந்த பூரிப்பில், ஏறும்போது நொண்டிய காலை மறந்து, இறங்கும்போது மற்ற காலில் நொண்டினாள். கால் காயத்தைக் கண்டுபிடிப்பதில் பட்டம் பெற்றவர்கள் அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.